அத்தைக்கு நீ அனுப்பிய பணம்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் "ஏம்மா, கொரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டாய். சளி என்றேன். மிளகு ரசம் வைத்துக் குடிக்கச் சொன்னாய், சரி என்றேன். சளியும் இல்லை, ரசமும் வைக்கவில்லை. அன்றைக்குக் காலையிலிருந்து நான் வாயைத் திறந்து பேசிய முதல் பேச்சே உன்னோடு பேசியதுதான். நாளெல்லாம் மூடிக் கிடந்த தொண்டை அப்படித்தான் கரகரக்கும். இதைப் போனில் சொல்லியிருந்தால் நீ பதறியிருப்பாய். பதறினால் உடனே ஏதாவது ஏற்பாடு செய்வாய். ஆள் வைப்பாய், வாசலில் கேமரா மாட்டச் சொல்வாய். கனடாவில் உட்கார்ந்துகொண்டு நீ செய்யும் ஏற்பாடுகளுக்கு எனக்குக் கொஞ்சம் பயம். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நடுவில் புகுந்து நீ ஒன்றும் செய்ய முடியாது பார்.

உன் அப்பா போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. பழங்காநத்தம் அப்படியேதான் இருக்கிறது. ஷேர் ஆட்டோக்காரர்கள் அதே தொண்டையில் அவனியாபுரம், அவனியாபுரம் என்று கத்துகிறார்கள். மாடியில் துணி காயப்போடப் போனால் நாலு வீட்டுக் குழம்பு வாசம் வருகிறது. நம் வீட்டு வாசலில் மட்டும் என் செருப்பு தனியாகக் கிடக்கிறது. முன்பெல்லாம் முகூர்த்த மாதம் வந்தால் இந்த வீட்டில் பத்திரிகை வைக்க மேசை போதாது. புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டி, "குடும்பத்தோட வந்துரணும்" என்று சொல்லிவிட்டு, காபி குடித்து, ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார்கள். அவர்கள் தலை மறைந்ததும் நான் உன் அப்பாவிடம் முணுமுணுப்பேன்: "சம்பளம் பூராவும் செய்முறைக்கே போகுது." நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் வைத்ததை அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் கொஞ்சம் கூட்டி வைப்பது, அதை அவர்கள் இன்னும் கொஞ்சம் கூட்டி நமக்கு வைப்பது என்று முடிவே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த அந்தச் செய்முறையை நான் திட்டாத நாள் கிடையாது. இப்போது திட்டுவதற்கும் ஒன்றுமில்லை. அப்பாவின் வருஷத் திதி முடிந்த பிறகும், இந்த ஆறேழு மாதமாக இந்த வீட்டு வாசலில் ஒரு பத்திரிகைத் தட்டு வரவில்லை.

முதலில், தாலி இழந்தவளை ஒதுக்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நினைத்து ஊரைச் சபித்தேன். அப்படியில்லை தம்பி. அதைச் செய்தது நீயும் நானும். ஒரே மதியத்தில் செய்து முடித்தோம்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்த மறுநாள் அது. உனக்கு விமானத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "இம்புட்டுப் பேரு செஞ்ச செய்முறையையும் நா ஒத்தையா இருந்து எப்பிடித் திருப்பிச் செய்யப் போறேனோ" என்று புலம்பினேன். அது துக்க வீட்டில் வாயில் வருகிற பேச்சு. அதற்குப் பதில் தேவையில்லை. ஒரு கை முதுகைத் தடவினால் போதும். நீ அதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டாய். "யார் யாருக்கு எம்புட்டுனு சொல்லும்மா. இப்பவே முடிச்சு விட்ருவோம். நீ யாருக்கும் கடன்பட்டு இருக்க வேணாம், நிம்மதியா இரு" என்று சொல்லி, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து போனை எடுத்தாய். என் ஞாபகத்தைப் பற்றி உனக்குத் தெரியும். உன் கல்யாணத்துக்கு வைத்தது, இந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வைத்தது, அப்பா காரியத்தில் கோடித் துணிக்குப் பதிலாகக் கையில் கொடுத்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, நீ தட்டித் தட்டி அனுப்பிக்கொண்டே இருந்தாய். பாதியில் எனக்கு மனசு என்னவோ செய்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. ஏன் தெரியுமா? நீ பெரியவனான பிறகு என் முழங்காலோடு உன் முழங்கால் முட்ட அத்தனை நேரம் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பேர் தீர்ந்துபோனால் எழுந்து போய்விடுவாயே என்று, மறந்துபோன ஒன்றுவிட்ட சொந்தத்தையெல்லாம் தேடிப் பிடித்துச் சொன்னேன்.

கடைசியாக வந்தது உன் அத்தை பேச்சி. அப்பாவுக்கு இருந்த ஒரே தங்கை. அவனியாபுரத்தில் மாவு மில் வைத்துப் பிழைக்கிறவள், உன் கல்யாணத்துக்கு மோதிரம் போட்டாள். அந்த மோதிரத்தை நீ இன்றைய தங்க விலைக்குக் கணக்குப் போட்டாய். அத்தைக்கு நஷ்டம் வரக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். அப்போது நான் அப்பாவின் நெற்றிக்காசைப் பற்றிச் சொன்னேன். குளிப்பாட்டிக் கிடத்தியபோது நெற்றியில் வைக்க ஒரு ரூபாய்க் காசு கேட்டார்கள். உன் பையில் கார்டு இருந்தது, காசு இல்லை. சுற்றி நின்ற இளவட்டம் ஒருத்தரிடமும் இல்லை, எல்லார் கையிலும் போன். பேச்சிதான் இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு காசை எடுத்து, முந்தானையில் துடைத்து, தன் கையாலேயே அண்ணன் நெற்றியில் ஒட்டினாள். அதை நான் உனக்குக் கணக்காகச் சொல்லவில்லை, நினைத்ததும் அழுகை வந்துதான் சொன்னேன். நீ அந்த ஒரு ரூபாயையும் சேர்த்துக் கூட்டி, எது எதற்கு என்று குறிப்பும் எழுதி அனுப்பினாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இதில் வெட்கம் என்னவென்றால், ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வங்கியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து காலமெல்லாம் ஊர்ப் பணத்தை எண்ணியவள் நான். நோட்டைத் தொட்டாலே அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவேன். ரவிக்கைக்குள்ளிருந்து வெதுவெதுப்பாக வருவது பெண்களின் சிறுவாட்டுப் பணம். "வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாம்க்கா" என்பதும் கூடவே வரும். கல்யாணத்துக்கு மறுநாள் வருகிற நோட்டுக் கட்டில் சந்தனம் மணக்கும். மாட்டுத்தாவணிப் பூ வியாபாரிகளின் பணம் ஈரமாக இருக்கும். அதிலும் காலையில் முதல் விற்பனைக்கு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட போணி நோட்டை மட்டும் மடித்துத் தனியாக வைத்துக்கொண்டு மீதியைத்தான் கட்டுவார்கள். சீக்குப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நகைக்கடன் கேட்டு நிற்பாள் ஒருத்தி. வீட்டில் சாமிக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் முடிந்து வைத்த பணம் இருக்கும், அதில் கை வைக்க மாட்டாள். அது பணம்தானே என்று நாம் கேட்கலாம். அவளைப் பொறுத்தவரை அது பணமாக இருந்தது முடிச்சுப் போடும் வரைக்கும்தான்.

ஒரு முறை, வளர்த்த காளையை விற்ற ஒருவர் அந்தப் பணத்தைக் கட்டிவிட்டுப் போனார். ரெண்டு மாதம் கழித்து எடுக்க வந்தவர், நான் கொடுத்ததை வாங்க மாட்டேன் என்கிறார். "நா குடுத்த நோட்டத் தாம்மா. இது யாரு பணமோ." எல்லாம் ஒன்றுதான் அண்ணே என்றேன். "எப்பிடி ஒண்ணாகும்? அது புள்ளைய வித்த காசு. அதுல நா சோறு திங்க மாட்டேன், கோயிலுக்குக் கட்டணும்" என்று கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை நெளிகிறது. நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, அதே கட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கொண்டுவந்து, "இந்தாங்க, தேடி எடுத்துட்டேன்" என்று கொடுத்தேன். கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அரசாங்கம் அச்சடிப்பது எல்லாருக்கும் ஒரே நோட்டைத்தான். ஜனங்கள்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாதகம் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். சிரித்த எனக்கு அது இப்போதுதான் உறைக்கிறது.

உன் அப்பாவின் ஊர் சோழவந்தான் பக்கம். நான் மருமகளாகப் போன புதிதில், அங்கே முடி வெட்ட வருபவருக்கு யாரும் காசு கொடுத்து நான் பார்க்கவில்லை. வருஷம் பூராவும் வெட்டுவார், அறுவடையில் களத்திலிருந்து நெல் அளப்பார்கள். விவரம் தெரியாமல் நான் ஒரு நாள் வெட்டி முடித்ததும் அவரிடம் காசை நீட்டிவிட்டேன். அவர் முகம் செத்துப்போயிற்று. "என்னம்மா, நாளையிலருந்து வேற ஆளா?" என்று கேட்டார். அவ்வப்போது கொடுத்துத் தீர்த்தால் அது உறவை முறிப்பது என்று உன் அப்பா பிறகு சொன்னார். அந்தக் காலம் தங்கமான காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மனிதர் எங்கள் வீட்டுக்குள் வந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க முடியாது, வேறு தொழிலுக்கு ஓடிப்போகவும் முடியாது. நெல் அவரைக் கட்டிப்போட்டிருந்தது. அவர் மகன் டவுனில் சலூன் போட்டு, வெட்டியவுடன் காசு வாங்கிக் கல்லாவில் போட்டபோதுதான் அந்தக் குடும்பம் நிமிர்ந்தது. என்னையும் மாமியார் முன்னால் நிமிர வைத்தது என் சம்பளம்தான். ஆகவே, பணத்தை எண்ணிக் கொடுத்து, எனக்கும் உனக்கும் இனி ஒன்றுமில்லை என்று நடப்பது சில இடங்களில் பெரிய விடுதலை. எந்த இடத்தில் என்பதில்தான் நமக்குத் தவறிவிட்டது.

போன ஆவணியில் பேச்சியின் பேத்திக்குக் காதுகுத்து. பத்திரிகை போனில் படமாக வந்தது. பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. அண்ணன் வீட்டுக்குத் தட்டோடு வராத தங்கை உண்டா? எனக்கும் ரோஷம் இருந்தது. ஆனாலும் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தில் மொய் எழுதும் மேசையில் பணத்தை நீட்டினேன். எழுதுகிற பையன் பேனாவை மூடிவிட்டுத் தலையைச் சொறிந்தான். "கோச்சுக்காதீங்க. ஒங்ககிட்ட வாங்க வேணாம்னு சொல்லிருக்காங்க." எனக்குப் பின்னால் நின்றவர்கள் காதில் அது விழுந்தது. பணத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டேன் தம்பி. சாப்பிடாமல் திரும்பினால் ஊர் பேசும் என்று பந்தியில் உட்கார்ந்தேன். மொய் வைக்காமலே சாப்பிட்டு எழுந்தேன். கை கழுவும் இடத்தில் பேச்சி வந்தாள். "சாப்ட்டீகளா?" என்று கேட்டாள், யாரோ ஒருத்தியிடம் கேட்பதுபோல.

"ஏன் பேச்சி இப்பிடிப் பண்ற?" என்றேன்.

"நா என்ன மதினி பண்ணேன்? கணக்க முடிச்சது நீங்க. மில்லுல கூட்டம் நிக்கிது, செவத்துல மாட்டிருக்க பெட்டி இம்புட்டு ரூவா வந்துருக்குன்னு கத்துது. அம்புட்டுப் பேரும் திரும்பிப் பாத்தாக. என்னக்கா, லாட்டரி விழுந்துருச்சான்னு ஒருத்தி கேக்குறா. எங்க அண்ணே நெத்தியில வச்ச காசக்கூட ஒங்க மகன் திருப்பி விட்டெறிஞ்சுட்டானே. அதுவும் பாக்கி வேணாம்னுதானே? இன்னும் என்ன இருக்கு நமக்குள்ள?"

நான் அவன் சின்னப்பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டான் என்றேன். "அவன் தட்டுனான். சொன்னது நீங்கதானே?" என்றாள். அங்கே நின்று ஊரைப் பார்த்தபோதுதான் புரிந்தது. நீ பணம் அனுப்பிய எல்லாருமே அங்கே இருந்தார்கள். ஒருவரும் என்னிடம் முகம் சுளிக்கவில்லை, கோபப்படவில்லை. "வாங்கக்கா, நல்லா இருக்கீங்களா" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். விசேஷமே இல்லாத ஒரு நாளில், கேட்காமலே, மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியும். கடன் இருந்தவரை அவர்கள் நம் வீட்டுக்கு வரவும் நாம் அவர்கள் வீட்டுக்குப் போகவும் ஒரு பாதை இருந்தது. நாம் அதைச் சுத்தமாகப் பெருக்கி அள்ளிவிட்டோம்.

உன் மேல் கோபம் இல்லை. நீ இருக்கிற ஊர் வழக்கம் வேறு. சிநேகிதர்கள் சேர்ந்து சாப்பிடப் போனாலும் அவரவர் காசை அவரவரே கொடுத்துவிடுவீர்கள், எழுந்து போகும்போது யாருக்கும் யாரும் பாக்கி இல்லை, அது எவ்வளவு நிம்மதி தெரியுமா என்று ஒரு தடவை சொன்னாய். சரி என்று கேட்டுக்கொண்டேன். போன பனிக்காலத்தில் மருமகள் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தபோது உனக்கு ஒரு வாரம் காய்ச்சல் அடித்ததே, யார் வந்து பார்த்தார்கள் என்று கேட்டதற்கு, "யாரும் வரலம்மா, சூப் ஆர்டர் பண்ணிக்கிட்டேன்" என்றாய். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் இங்கே படுகிற தனிமையை நீ அங்கே இருபத்தேழு வயசிலிருந்தே பழகிக்கொண்டிருக்கிறாய் என்பது எனக்கு அதற்கு முன்னால் தோன்றவே இல்லை.

இந்தப் புதன்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். ஷேர் ஆட்டோ ஏறி அவனியாபுரம் போனேன். மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். நெடி மூக்கை அடைக்கிறது, மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பேச்சி என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி சாக்கை உதறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்ச் சொன்னேன். "என்னது?" என்றாள். இன்னொரு முறை சொன்னேன். "கேக்கல, சத்தமாச் சொல்லுங்க!" எனக்கு வந்தது பார் கோபம், அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "பணம் வேணும்! ரெண்டாயிரம் ரூவா! கடனா!" தூக்குவாளியும் டப்பாவுமாக நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பென்ஷன் வாங்குகிற வங்கிக்காரி, மகனைக் கனடாவில் வைத்திருப்பவள், மாவு மில்லில் வந்து கடன் கேட்கிறாள். பேச்சி போய் மிஷினை நிறுத்தினாள்.

"பென்ஷன் வரலையா?"

"வந்துருச்சு."

"அவன் பணம் அனுப்பலையா?"

"அதுவும் வந்துருச்சு."

"பெறகு எதுக்கு?"

"எதுக்குன்னு கேட்டுத்தான் குடுப்பியா? இருந்தா குடு, இல்லாட்டி இல்லன்னு சொல்லு. நா பஸ்ஸப் பிடிச்சுப் போறேன்."

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். சிரிக்கவில்லை. கல்லாவைத் திறந்து, மாவும் மிளகாயும் ஒட்டிய நோட்டுகளை எடுத்து எண்ணி நீட்டினாள். "எண்ணிப் பாத்துக்கங்க" என்றாள். வேண்டாம் என்று அப்படியே பையில் போட்டுக்கொண்டேன். என் வாழ்நாளில் எண்ணாமல் வாங்கிய பணம் அதுதான். "எப்பத் தருவீக?" என்று கேட்டாள். "சொல்ல முடியாது. இழுத்தடிப்பேன். நீதான் வந்து கேட்டு வாங்கணும்" என்றேன். "நல்லா இருக்கே நாயம், கடனக் குடுத்துட்டு நா அலையணுமாக்கும்" என்று முகத்தை வெட்டிக்கொண்டு மிஷின் பக்கம் போனவள், திரும்பி வந்தாள். "ஒங்க மகன்கிட்ட மட்டும் சொல்லிறாதீக மதினி. மறுநாளே பெட்டியில போட்டு விட்ருவான்."

சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. ஆனால் அந்தக் கடனை நீ அடைக்கக் கூடாது. கேட்காமல் ஏற்பாடு செய்யக் கூடாது. பேச்சி இன்னும் வரவில்லை. வருவாளா என்றும் தெரியாது. ஷேர் ஆட்டோ தெருமுனையில் நின்றால் ஜன்னலுக்குப் போகிறேன். கடன்காரி வரமாட்டாளா என்று இப்படி ஏங்கிக் கிடப்பவள் மதுரையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ மாதாமாதம் முதல் தேதியில் எனக்கு அனுப்புகிறாயே, அதை நான் இதுவரை தொட்டதில்லை. என் பென்ஷனே எனக்கு மிச்சம். ஆனாலும் பணம் வந்தது என்று போனில் பார்த்தவுடன் நீ என்னை நினைத்தாய் என்று ஒரு சந்தோஷம் வரும். அது தேதி வந்தால் தானாகவே போகும்படி நீ செய்து வைத்த ஏற்பாடு என்று, வங்கியில் வேலை பார்த்த எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் சந்தோஷப்பட்டேன். மண்டபத்திலிருந்து வந்த நாள் முதல் அந்தப் பணத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. நீ படித்த படிப்பு, தின்ற சோறு, நான் கண்விழித்த ராத்திரி என்று உன் மனசில் ஏதாவது ஒரு தொகை இருக்கிறதோ, மாதத்துக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டு வருகிறாயோ, ஒரு நாள் அதுவும் முடிந்துவிடுமோ என்று தோன்றுகிறது.

நேற்று வங்கிக்குப் போய், இதுவரை நீ அனுப்பிய அவ்வளவையும் உன் கணக்குக்கே திருப்பிப் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நீயும் கட்டி முடித்துவிட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அம்மா